தலைவரம்மாவின் கையெழுத்து

2010 மார்ச் மாதத்தில் தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரத்தைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லி மாளாது. திமுக சட்டமன்ற உறுப்பினர் பெரியண்ணன் மறைவால் வந்த இடைத்தேர்தல் அது. ஜனவரியில் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், மார்ச் 27 அன்று வாக்குப்பதிவு நடந்தது. மாநிலத்தின் கண்ணெல்லாம் இந்த வறண்ட தொகுதியின் மேல் இருந்தது. நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் வந்து வாக்களித்தார்கள். பெரியண்ணனின் மகன் இன்பசேகரன் வென்றார். பாமக இரண்டாம் இடம் பிடித்தது, அதிமுக டெபாசிட் இழந்தது. கூலிக்குப் போனவர்கள் பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வந்து ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அப்போது வாக்குச்சாவடிகளாக இருந்தவற்றில் பெரும்பாலானவை அரசுப் பள்ளிகள்.

வாக்குப்பதிவு முடிந்த ஐந்தாம் நாள், ஏப்ரல் 1 அன்று, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவு ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குபேர் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் வகுப்பது, வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகிய மூன்றும் அந்தக் குழுவின் வேலை என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் ஒரு தாய், தன் பிள்ளை படிக்கும் பள்ளியின் கணக்கை எடுத்துக் காட்டச் சொல்லலாம். இந்த நாட்டில் எழுதப்பட்ட சட்டங்களில் இவ்வளவு தூரம் கீழே இறங்கி வந்து ஒருவர் கையில் அதிகாரத்தைக் கொடுத்த வரிகள் அதிகம் இல்லை. அதற்கு முன்பு இருந்த கிராமக் கல்விக் குழுவுக்கு இந்தச் சட்டப் பலம் கிடையாது.

அந்த ஏப்ரல் முதல் தேதியைப் பற்றிப் பென்னாகரத்தில் யாரும் பேசிக் கேட்டதில்லை. மார்ச் 27 எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

இதற்கு மக்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்தத் தொகுதிக்காரர்கள் அரசியல் தெரியாதவர்கள் இல்லை. 2006-இல் திமுக, 2011-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் நஞ்சப்பன், 2016-இல் மீண்டும் திமுக, 2021-இல் பாமகவின் ஜி.கே. மணி என்று மாற்றி மாற்றித் தேர்ந்தெடுத்தவர்கள். 2016-இல் முதலமைச்சர் வேட்பாளராக நின்ற அன்புமணி ராமதாசையே இங்கே தோற்கடித்தார்கள். யாருக்கு எப்போது என்ன கணக்குத் தீர்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூர்மையான அறிவு பள்ளிக்கூடத்து வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்படுகிறது. அப்படிக் கழற்றி வைக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவர்கள் யார், எப்போது சொன்னார்கள் என்பதுதான் என்னை வருத்தும் கேள்வி.

ஒன்றியத்தின் மலையோரப் பள்ளி ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பிற்பகல், குழுக் கூட்டம். தலைவராக இருக்கும் பெண் நூறு நாள் வேலையிலிருந்து பாதியில் வந்திருந்தார், கையில் இன்னும் மண். தலைமையாசிரியர் எழுந்து நின்று வரவேற்றார். மரியாதையில் குறை வைக்கவில்லை. “தலைவரம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா நான் ஏத்திடுவேன்” என்றார். தீர்மான நோட்டில் தீர்மானங்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. செல்போன் செயலியில் அன்று மாலைக்குள் பதிவேற்ற வேண்டும், இல்லையென்றால் வட்டார அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். அந்த அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவரிடம் நான் கேட்டேன், தண்ணீர்த் தொட்டி உடைந்து கிடக்கிறதே, அதைப் பேசியிருக்கலாமே என்று. “பள்ளிக்கூடத்து விசயம் நமக்கென்ன சார் தெரியும், சாருக்குத் தெரியாததா” என்றார்.

அவருடைய தெருவில் குழாய் உடைந்தால் இதே அம்மா குடத்தோடு சாலையில் உட்கார்ந்துவிடுவார். ரேஷன் கடையில் எடை குறைந்தால் சத்தம் போடுவார். அங்கே தெரிந்த விசயம் இங்கே எப்படித் தெரியாததாகிறது? படிக்காததால் என்று ஒருவர் பதில் சொல்லலாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி, 68.5 சதவீதம். படித்தவர்களின் இடம் என்று பள்ளியைப் பார்த்து ஒதுங்கி நிற்பது அந்தத் தலைமுறையின் உடம்பில் ஊறியது. ஆனாலும் உடைந்த தொட்டியைப் பார்க்கப் படிப்பு தேவையில்லை. தண்ணீர் இல்லாமல் கழிவறை நாறுவதையும், அதனால் வயதுக்கு வந்த பெண் மாதத்தில் நான்கு நாள் வீட்டில் தங்கிவிடுவதையும் தாயைவிட யாரும் நன்றாக அறிய முடியாது.

தலைமையாசிரியர் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் நிலையைப் பார்க்க வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கூரை ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டடம் ஒன்றியத்தின் சொத்து. பி.டி.ஓ. ஆபீசில் மனுக் கொடுத்து, ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்து மதிப்பீடு போட வேண்டும். ஆசிரியர்களோ பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தவர்கள், அவர்களுக்கு மேலே வட்டாரக் கல்வி அலுவலர். மதியச் சத்துணவு சமூக நலத் துறையின் திட்டம். காலை உணவைச் சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். தண்ணீருக்கு ஊராட்சி, அந்த ஊராட்சிக்குத் தண்ணீர் வருவது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து என்றால் குடிநீர் வடிகால் வாரியம். சுற்றுச்சுவருக்கு இடம் அளக்கத் தாசில்தார் அலுவலகம். பள்ளி காட்டோரத்தில் இருந்தால் வனத்துறையின் அனுமதியும் வேண்டும். ஒரே வளாகத்துக்குள் இத்தனை அரசாங்கங்கள் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் கண் ஒன்று வேண்டும் என்றுதான் சட்டம் அந்தக் குழுவைப் படைத்தது. அந்தக் கண்ணுக்கு இந்தக் கதவுகள் எவையென்று யாரும் காட்டித் தரவில்லை.

பணமும் அப்படித்தான். முப்பது பிள்ளைகளுக்குள் இருக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், அதற்கு மேல் நூறு வரை 25,000 ரூபாய் என்பது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானியக் கணக்கு. சாக்பீசு, துடைப்பம், மின் பழுது, குழாய், பினாயில் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மலைக் கிராமத்துப் பள்ளிகள் பெரும்பாலும் அந்த முதல் வரிசையில் வருபவை. பிள்ளைகள் குறைந்தால் பணம் குறையும், பணம் குறைந்தால் பள்ளி பொலிவிழக்கும், பொலிவிழந்த பள்ளியைப் பார்த்து வேன் வரும் தனியார் பள்ளிக்குப் பிள்ளைகள் போவார்கள். பிரதமர் பெயரிலான பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடத் தமிழ்நாடு மறுத்ததால், இந்த மானியமும் அடங்கிய 2024-25-ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சண்டையில் நியாயம் மாநிலத்தின் பக்கம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன், பிள்ளைகளின் பணத்தைப் பிணையாக வைத்து ஒரு கொள்கையைத் திணிக்கக் கூடாது. இருந்தாலும் தன் பள்ளி மானியம் டில்லியில் எதனால் நின்றது என்பதை அந்தத் தலைவரம்மாவுக்கு யாராவது விளக்கியிருக்க வேண்டும். அவருடைய பள்ளியின் பணம் அது.

கையெழுத்துப் போடுபவராகப் பெற்றோரை ஆக்கிய வழக்கம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

தர்மபுரி 1965 அக்டோபர் 2 அன்று தனி மாவட்டமாகும் வரை பென்னாகரம் சேலம் ஜில்லாவில் இருந்தது. ஊரின் மூத்தவர்கள் வாயில் இன்றும் “போர்டு ஸ்கூல்” என்ற பேச்சு உண்டு, ஜில்லா போர்டுகள் பள்ளி நடத்திய காலத்தின் மிச்சம் அது. 1958-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு போர்டுகள் மறைந்து, தொடக்கப் பள்ளிகள் பஞ்சாயத்து யூனியன் கைக்கு வந்தன. பெயரளவில் பார்த்தால் அதுதான் பள்ளி மக்களுக்கு மிக அருகில் இருந்த காலம். ஒன்றியச் சேர்மன் தேர்ந்தெடுக்கப்பட்டவர், கூப்பிடு தூரத்தில் இருப்பவர். ஆனால் அந்தக் காலத்து ஆசிரியர் யாரையாவது கேட்டுப்பாருங்கள். சேர்மனின் ஆட்களுக்கு வணக்கம் வைக்கத் தவறிய வாத்தியார் அடுத்த மாதம் மலையேறிப் போக வேண்டியிருந்த கதைகளைச் சொல்வார்கள். சம்பளமே மாதக் கடைசியில் வருமா என்று தெரியாது. ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்காகப் போராடி, 1981 ஜூன் முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். அது அவர்கள் பெற்ற விடுதலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த விடுதலையோடு இன்னொன்றும் நடந்தது. ஆசிரியரின் கண் ஊரிலிருந்து விலகி மேலே பார்க்கத் தொடங்கியது. சம்பளம், இடமாறுதல், விளக்கம் கேட்கும் கடிதம் எல்லாமே மேலிருந்து வருபவை. ஊருக்கு அவர் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. ஊரும் கேட்பதை நிறுத்திக்கொண்டது. நல்ல ஆசிரியர் அமைந்தால் கொடுப்பினை, அமையாவிட்டால் விதி. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தொடக்க, இடைநிலைக் கல்வியைப் பதினோராம் அட்டவணையின் 17-ஆவது பொருளாகச் சேர்த்து, ஊராட்சிகளுக்கு அளிக்கத்தக்கது என்றது. கேரளம் அதையொட்டிப் பள்ளிகளை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. தமிழ்நாடு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இதற்கெல்லாம் முன்பே வேறொரு அழகான முயற்சி இருந்தது, அதை மறக்கக் கூடாது. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958-இல் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். ஊரார் கூடி நாற்காலி கொடுத்தார்கள், கடிகாரம் கொடுத்தார்கள், கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள். ஏழை ஊர்கள் தம் பள்ளிக்காக அள்ளிக் கொடுத்த காலம். மதிய உணவும் அதேபோன்ற ஊர்க்கொடையில்தான் வேர் பிடித்தது. அந்த மாநாடுகளை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மக்களைக் கொடுக்கப் பழக்கினார்கள், கேட்கப் பழக்கவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் அந்த அச்சிலேயே வார்க்கப்பட்டன. கொடுக்க முடிந்தவர் தலைவரானார். கொடுக்க முடிந்தவர் ஊரில் யார்? கடைக்காரர், ஒப்பந்தக்காரர், கட்சிக்காரர். கோட்டையில் ஆட்சி மாறினால் பள்ளிக் கழகத்தின் தலைவரும் மாறுவது தமிழ்நாடு முழுக்கப் பழகிப்போன காட்சி. அந்தத் தலைவரின் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதுகூட இல்லை.

“பள்ளிக்கூடத்துல அரசியல் வேணாம்ப்பா” என்ற வாக்கியத்தை இந்தப் பின்னணியில் வைத்துக் கேட்க வேண்டும். இதை ஆசிரியர் சொன்னால் நான் புரிந்துகொள்வேன், அவருக்கு யூனியன் காலத்துக் காயம் இருக்கிறது. இதையே சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு வந்து முன்வரிசையில் உட்காரும் கட்சிக்காரர் சொல்லும்போது அதற்குப் பொருள் வேறு. என் அரசியல் இங்கே ஏற்கெனவே இருக்கிறது, உன்னுடையதைக் கொண்டுவராதே என்கிறார். ஒப்பந்தம் யாருக்கு, சத்துணவு வேலை யார் வீட்டுப் பெண்ணுக்கு, புதுக் கட்டடத்தின் கல்வெட்டில் யார் பெயர் என்பதெல்லாம் பள்ளிக்குள் நடக்கும் அரசியல்தான். வராத ஒரே அரசியல், பிள்ளையை அனுப்பிவிட்டு வெளியே நிற்பவர்களுடையது. எனக்குத் தோன்றுவது இதுதான்: அரசுப் பள்ளிக்குத் தேவை அரசியல் குறைவது அல்ல, பெற்றோரின் வெளிப்படையான அரசியல் கூடுவது.

இதைச் சொல்லும்போதே மறுபக்கம் என்னை நிறுத்துகிறது. பெற்றோர் என்றால் யார்? ஊர் என்றால் யார்? 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்கு அருகே ஒரு பள்ளியில், சத்துணவு சமைத்த பெண் அருந்ததியர் என்பதற்காக ஆதிக்கச் சாதிப் பெற்றோர் திரண்டு பள்ளியைப் பூட்டினார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணையே இடமாற்றம் செய்தார்கள், எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அதை ரத்து செய்தார்கள். அங்கே கேள்வி கேட்டவர்களும் பெற்றோர்தான், கூட்டமாகத்தான் கேட்டார்கள். இதே தர்மபுரி மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியும் அதைச் சுற்றிய தலித் குடியிருப்புகளும் எரிந்ததை மறந்துவிட்டு, ஊர் கூடினால் நன்மைதான் என்று எழுத எனக்குக் கை வராது. பள்ளி மாணவர் ஒருவர் சாதி வெறியால் வெட்டப்பட்ட நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. அதில் அவர் பேசியது முழுக்க வகுப்பறைக்குள் இருக்கும் சாதியைப் பற்றி.

அதனால்தான் அந்த 21-ஆம் பிரிவின் ஓரத்தில் இருக்கும் விகிதாசாரம் பற்றிய வரி எனக்கு முக்கியமாகப்படுகிறது. காலனித் தெருவிலிருந்து எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்களோ அதற்கேற்ற இடம் குழுவில் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் பட்டியலினத்தாரும் பழங்குடியினரும் மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சேர்ந்து படிக்கிறார்கள். வசதி படைத்தவர்கள் மெட்ரிக் பள்ளிக்குப் போய்விட்டதால் மிஞ்சியவர்களின் பள்ளியாகிவிட்டது என்று இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் ஒரு வாய்ப்புத் தெரிகிறது. வன்னியர் வீட்டுக் கூலிக்காரரும் தலித் வீட்டுக் கூலிக்காரரும் சமமாக நாற்காலி போட்டு உட்காரச் சட்டமே அழைக்கும் அறை இந்த ஊர்களில் வேறு எங்கே இருக்கிறது? கோயில் கமிட்டியில் இல்லை, பால் சங்கத்தில் பெரும்பாலும் இல்லை. இந்த ஒரு அறையிலாவது அது உண்மையாக நடக்கிறதா என்று பார்ப்பது தேர்தல் முடிவுகளைப் பார்ப்பதைவிடக் குறைந்த வேலை இல்லை.

2022-இல் தமிழ்நாடு அரசு இந்தக் குழுக்களைக் கொஞ்சம் தீவிரமாகவே கையில் எடுத்தது. மார்ச் 20 அன்று மாநிலத்தின் 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. குழுவில் இருபது பேர், அவர்களில் பதினைந்து பேர் பெற்றோர், உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம். தலைவர் பெற்றோரில் ஒருவர், அநேக இடங்களில் பெண். 2024-இல் மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பல ஊர்களில் முதன்முறையாகப் பெற்றோர் கைதூக்கித் தம்மில் ஒருவரைத் தலைவராக்கினார்கள்.

ஆனால் அந்த 2022-ஆம் ஆண்டுக் கோடையிலேயே அந்தக் குழுக்களின் தலையில் பெரிய சுமை ஒன்று வந்து விழுந்தது. 13,331 ஆசிரியர் காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பும் பொறுப்பைக் குழுக்களிடம் கொடுத்தார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு தொகையை உயர்த்தினார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முதலில் தடை விதித்து, பிறகு நெறிமுறைகளோடு அனுமதித்தது. தகுதித் தேர்வு முடித்து ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தவர்களின் கோபம் நியாயமானது. என் வருத்தம் வேறொரு இடத்தில் இருக்கிறது. ஆசிரியரை நியமிப்பது அரசின் கடமை. அதைச் செய்யாத அரசு, உடைந்த தொட்டியைப் பற்றிப் பேசவே தயங்கும் பெண்களிடம் அந்தக் கடமையை ஒப்படைத்தது. அதிகாரம் என்று சொல்லிக் கொடுத்தது பழியை. கணக்குப் பார்க்க, திட்டம் போட, பதில் வாங்க என்று சட்டம் ஏற்கெனவே தந்திருந்த உரிமைகளில் யாரும் அவர்களைப் பழக்கியிருக்கவில்லை.

குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கான இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் ஊர் அரசியலும் பள்ளியும் கைகோக்க வேண்டும். 2016 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோனது. தர்மபுரி உள்ளிட்ட மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் நடந்தது. மூன்று ஆண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். பென்னாகரம் பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரித் தேர்தலில் கவுன்சிலர்கள் வந்தார்கள், சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரிக்குப் பிறகு அதுவும் இல்லாமல் போனது. வார்டு உறுப்பினர் இல்லையென்றால் குழுவின் தீர்மானத்தை ஊராட்சியில் எடுத்துப் பேச ஆள் இல்லை. தேர்தல் நடத்தத் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு பள்ளியின் சுற்றுச்சுவர் அரைகுறையாக நிற்கும் ஆண்டு. சுவர் என்பது அலங்காரம் இல்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை அவசர அவசரமாக இடித்தோம். இடிந்து விழலாம் என்று அந்தந்த ஊரில் யாருக்காவது முன்பே தெரிந்திருக்காதா?

ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறினால் அக்கரை கர்நாடகம். அங்கே 2001 முதலே பெற்றோரை வைத்துப் பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழுக்கள் நடக்கின்றன. அவை கூட்டமைப்பாகத் திரண்டு அரசோடு பேசும் அளவுக்கு வந்திருக்கின்றன. நம் பக்கத்தில் ஒரு பள்ளியின் தலைவரம்மாவுக்கு அடுத்த பள்ளியின் தலைவரம்மாவைத் தெரியாது. இன்னும் தொலைவில், அமெரிக்காவின் சிகாகோ நகரம் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒவ்வொரு பள்ளிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தைத் தந்தது: ஆறு பெற்றோர், இரண்டு ஊரார், இரண்டு ஆசிரியர், தலைமையாசிரியர். தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பதே அந்த மன்றம்தான். முதல் தேர்தலில் இருந்த ஆர்வம் பின்னால் வடிந்ததும், சில மன்றங்கள் சண்டையில் கரைந்ததும் உண்மை. அவ்வளவு அதிகாரம் இங்கே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யூனியன் காலத்தை அறிந்த ஊரில் அதைக் கேட்பது நியாயமும் இல்லை. கேள்விக்குப் பதில் கிடைக்கும் அளவு அதிகாரம் போதும்.

வட்டுவனஅள்ளி ஊராட்சியின் கோட்டூர் மலையைப் பற்றித் தேர்தல்தோறும் செய்தி வரும். சாலை இல்லாத அந்த மலைக் கிராமத்துக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகளின் முதுகில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். அதிகாரிகளும் போலீசாரும் கூடவே நடந்து ஏறுவார்கள். அங்கே வாக்குச்சாவடியாக இருப்பது பள்ளிக்கூடம். படத்தைப் பார்த்து நாடே ஜனநாயகத்தை மெச்சும். நானும் மெச்சியிருக்கிறேன், கடைசி வீட்டின் ஓட்டும் எண்ணப்பட வேண்டும் என்ற பிடிவாதம் பெரிய விசயம். அந்தப் பிடிவாதத்தில் பத்தில் ஒரு பங்கு, அதே பள்ளிக்கூடத்து மேலாண்மைக் குழுவின் தீர்மானம் மலையிறங்கிப் பென்னாகரத்து அலுவலகங்களுக்குப் போய்ப் பதிலோடு திரும்ப வேண்டும் என்பதில் இருந்தால் எப்படியிருக்கும்?

சாத்தியமில்லாத எதையும் கேட்கவில்லை. கூட்டத்தை வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைத்தால் கூலிக்காரர் அரைநாள் சம்பளத்தை இழந்துதான் வர வேண்டும். நூறு நாள் வேலையின் தினக்கூலியே 2025-26-இல் 336 ரூபாய். பேரூராட்சிக் கவுன்சிலருக்கு மதிப்பூதியம் உண்டு, இவர்களுக்கு ஏன் இல்லை? மாலை ஆறு மணிக்கு வைக்கலாம், அல்லது இழந்த கூலியைக் கொடுக்கலாம். பெற்றோர் இருவரும் பெங்களூரில் சித்தாள் வேலைக்கும் கேரளத்துக்கும் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். சட்டம் பாதுகாவலர் என்று சொல்வதால் அந்தப் பாட்டிகளைக் குழுவுக்கு அழைக்கலாம், யாரும் அழைப்பதில்லை. தீர்மானத்தை எழுதியபின் நோட்டை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கலாம். கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழியாக உள்ள அம்மாக்களுக்கு ஒருவர் எடுத்துச் சொல்லலாம். வரவு செலவை வாசல் சுவரில் எழுதிப் போடலாம், சத்துணவுப் பட்டியலை எழுதும் அதே சுவரில். குழு அனுப்பும் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் முப்பது நாளுக்குள் பி.டி.ஓ.வோ கல்வி அலுவலரோ எழுத்தில் பதில் தர வேண்டும் என்று ஓர் அரசாணை போடலாம். முடியாது என்பதும் ஒரு பதில்தான், அதை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போக முடியும்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் பென்னாகரத்துக்காரர்கள் சாலை கேட்கிறார்கள், ஒகேனக்கல் உபரி நீரை ஏரிகளுக்குத் திருப்பக் கேட்கிறார்கள், சிப்காட் கேட்கிறார்கள். உங்கள் கட்சிக்காரர் யாரும் தம் பிள்ளை படிக்காத பள்ளியின் கழகத்துக்குத் தலைவராக இருக்க மாட்டார் என்று எழுதிக் கொடுங்கள் என இதுவரை யாரும் கேட்டதாக நான் அறியவில்லை. அடுத்த முறை அந்தத் தலைவரம்மா கேட்கலாம். ரேஷன் கடையில் அவர் பேசும் குரலில் கேட்டாலே போதும்.